மைரோவில் ஒட்டியது கிட்ஹப்பில் வரவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

திட்டமிடல் கூட்டத்தில் மைரோ என்ற இணைய வெண்பலகையின் போர்டில் ஸ்டிக்கி (ஒட்டுத்தாள்) ஒட்டுகிறோம். அதில் முடிவானவற்றை ‘உறுதி’ என்ற ஃபிரேமுக்குள் இழுத்துவிட்டால், நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் தானாக இஷ்யூ (பணிக்குறிப்பு) திறக்க வேண்டும். இஷ்யூவை மூடினால் போர்டில் இருக்கும் கார்டின் நிலை மாற வேண்டும். தரமணியிலும் சிறுசேரியிலும் பல குழுக்கள் நடுவில் ஒரு சின்ன நிரலை வைத்து இப்படித்தான் இணைக்கின்றன. முதல் வாரம் ஓடும். பிறகு ஏதோ ஒன்று சத்தமில்லாமல் நின்றுவிடும்.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் சென்னையில் யாரும் முதலில் குழாயைக் கழற்றுவதில்லை. சம்பில் தண்ணீர் இருக்கிறதா, மோட்டார் ஓடுகிறதா, மேல்தொட்டிக்கு ஏறுகிறதா என்று வரிசையாகப் பார்ப்போம். இங்கேயும் மூன்று இடம்தான்: போர்டு, நடு நிரல், ரெப்போ (கிட்ஹப்பில் நம் திட்டம் இருக்கும் களஞ்சியம்). எந்த இடத்தில் நின்றது என்று தெரியாமல் நிரலில் கை வைக்காதீர்கள். ஒரு வரியைக்கூடத் திருத்தும் முன் கீழே உள்ள முதல் சோதனையைச் செய்யுங்கள்.

எதுவுமே நகரவில்லை

கிட்ஹப் ரெப்போவின் செட்டிங்ஸில் வெப்ஹூக்கை (மாற்றம் நடந்தவுடன் நம் நிரலுக்குச் செய்தி அனுப்பும் வசதி) திறந்தால், அண்மையில் அனுப்பியவற்றின் பட்டியல் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் அனுப்பிய பேலோடு (செய்தியின் தரவு), நம் நிரல் தந்த பதில், எடுத்துக்கொண்ட நேரம் மூன்றும் தெரியும். ஒரு இஷ்யூவின் தலைப்பைத் திருத்திவிட்டு இந்தப் பட்டியலைப் பாருங்கள்.

புதிய வரியே வரவில்லை என்றால் நிரலில் தவறில்லை. வெப்ஹூக் அமைப்பில் ‘இஷ்யூஸ்’ நிகழ்வை டிக் செய்யாமல் விட்டிருப்பார்கள். புஷ் (நிரல் மாற்றத்தை ஏற்றுவது) மட்டும் தேர்வாகியிருக்கும். வரி வந்து சிவப்பாக இருந்தால் பதில் எண்ணைப் பாருங்கள். 401 என்றால் பெரும்பாலும் நம் நிரலே கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பியிருக்கிறது. நேரம் கடந்துவிட்டது என்றால் நாம் தாமதித்திருக்கிறோம். பச்சையாக இருந்தும் போர்டு மாறவில்லை என்றால் சிக்கல் நிரலுக்கும் மைரோவுக்கும் நடுவில்.

பேலோடு வந்தும் நிரல் அதை வெறுமையாகப் படிக்கிறதா? வெப்ஹூக்கின் உள்ளடக்க வகையைப் பாருங்கள். அமைப்புப் பக்கத்தில் நாம் மாற்றாவிட்டால் அது படிவ வடிவில்தான் அனுப்பும். ஜேசன் என்ற தரவு வடிவுக்கு மாற்ற வேண்டும்.

எதிர்த்திசைக்கு இப்படி ஒரு பட்டியல் கிடையாது. மைரோ தந்த வெப்ஹூக் வசதி சோதனை நிலையிலேயே இருந்தது. அதை நம்பித் தினசரி வேலையைக் கட்ட வேண்டாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஃபிரேமைப் படித்து, ஒவ்வொரு உருப்படியின் மாற்ற நேரத்தையும் பழையதோடு ஒப்பிடுவதே நிலையான வழி. அந்தச் சுற்று ஒவ்வொன்றுக்கும் ‘எத்தனை படித்தேன், எத்தனை மாறியது, எத்தனை அனுப்பினேன்’ என்று ஒரு வரி லாக் எழுதுங்கள். அந்த மூன்று எண்கள் இல்லாமல் பிழை தேடுவது இருட்டில் துழாவுவதுதான்.

ஆங்கிலத் தலைப்பு போகிறது, தமிழ்த் தலைப்பு மட்டும் 401 ஆகிறது

தமிழில் எழுதும் குழுக்களைத்தான் இது தாக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

வெப்ஹூக்கில் சீக்ரெட் (இரு பக்கமும் மட்டும் அறிந்த ரகசியச் சொல்) வைத்தால், கிட்ஹப் பேலோடின் பைட்டுகளிலிருந்து ஒரு எச்மேக் கையொப்பத்தை (செய்தி வழியில் மாறவில்லை என்று காட்டும் குறி) கணக்கிட்டு, 256 என்று முடியும் ஹெடரில் (பேலோடோடு செல்லும் கூடுதல் தகவல் வரி) அனுப்பும். நாமும் அதே பைட்டுகளிலிருந்து கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். அதே பைட்டுகள் என்பதுதான் முக்கியம். பலர் ஜேசனைப் பிரித்து, மறுபடி எழுத்தாக்கி, அதிலிருந்து கணக்கிடுகிறார்கள். நோட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் சூழலில் இது பல நேரம் தற்செயலாகப் பொருந்திவிடும். பைத்தானில் ஜேசனை மறுபடி எழுதினால் தமிழ் எழுத்துகளெல்லாம் பின்சாய்கோடு போட்ட எண்குறிகளாக மாறும், இடைவெளியும் மாறும், கையொப்பம் பொருந்தாது. சில நிரல்கள் பேலோடை லத்தீன்-1 என்ற பழைய எழுத்துக் குறியாக்கம் என்று நினைத்துப் படிக்கும். ஆங்கில எழுத்து யுடிஎஃப்-8இல் ஒரு பைட் என்பதால் தப்பிக்கும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் உடனே மாட்டும்.

இதைவிடக் கடினமானது ‘சில நேரம் மட்டும்’ தவறுவது. குறுகிய தமிழ்த் தலைப்பு போகும், நீண்ட விவரம் எழுதிய இஷ்யூ அவ்வப்போது திரும்பும். நோடில் பேலோடு துண்டு துண்டாக வரும். ஒவ்வொரு துண்டையும் வந்தவுடன் எழுத்தாக மாற்றி ஒட்டினால், 3 பைட் கொண்ட ஒரு தமிழ் எழுத்து இரண்டு துண்டுகளுக்கு நடுவில் வெட்டுப்படக்கூடும். வெட்டுப்பட்ட இடத்தில் கேள்விக்குறி போட்ட கறுப்பு வைரம் வந்து உட்கார்ந்துகொள்ளும். துண்டுகளை பஃபராகவே (எழுத்தாக்காத பைட்டுகளாக) சேர்த்து வைத்து, எல்லாம் வந்த பிறகு கையொப்பத்தைச் சரிபாருங்கள். பிறகுதான் எழுத்தாக மாற்ற வேண்டும், அதன் பிறகுதான் ஜேசன் பிரிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சோதிக்க வெளியே தேட வேண்டாம். கிட்ஹப் ஆவணத்தில் ஒரு சீக்ரெட், ஒரு குட்டிப் பேலோடு, அதற்குச் சரியான கையொப்பம் மூன்றும் உண்டு. அது பொருந்தினால் கணக்கு சரி. அடுத்து ‘தரமணி பயனருக்கு ஓடிபி வரவில்லை’ போன்ற ஒரு தலைப்போடு இஷ்யூ திறந்து பாருங்கள். அது போகவில்லை என்றால் குற்றம் பைட் கையாள்வதில்தான்.

பகலில் சரி, கூட்டம் முடிந்தவுடன் சில இஷ்யூக்கள் தொலைகின்றன

வெப்ஹூக்குக்கு 10 விநாடிக்குள் 200 வரிசையில் பதில் தர வேண்டும். தராவிட்டால் கிட்ஹப் தோல்வி என்று குறித்துவிடும். தானாக மறுபடி அனுப்பாது. கூட்டம் முடிந்து 30 இஷ்யூவை ஒரே மூச்சில் திருத்தும்போது, நிரல் ஒவ்வொன்றுக்கும் மைரோவை அழைத்து, அது முடியும்வரை காத்திருந்து பதில் சொன்னால் பின்னால் வருபவை விழும்.

கையொப்பம் சரிபார்த்தவுடன் பேலோடை ஒரு வரிசையில் போட்டுவிட்டு உடனே 202 (‘பெற்றுக்கொண்டேன்’) சொல்லுங்கள். மைரோ வேலை பின்னால் நடக்கட்டும். விழுந்தவற்றை அந்தப் பட்டியலிலிருந்தே மறுபடி அனுப்பலாம், ஆனால் கடந்த 3 நாள்களுக்குள் உள்ளவற்றை மட்டும். வெள்ளிக்கிழமை மாலை விழுந்ததைச் செவ்வாய்க்கிழமை தேடினால் கிடைக்காது. ஆகவே தினம் ஒருமுறை கிட்ஹப்பிலிருந்து இஷ்யூ பட்டியலை முழுதாக எடுத்து நம் அட்டவணையோடு (எந்த ஸ்டிக்கிக்கு எந்த இஷ்யூ என்ற பதிவு) சரிபார்க்கும் வேலை ஒன்று கட்டாயம் வேண்டும். இது மிகை என்று தோன்றும். இல்லாமல் ஓட்டியவர்கள் எல்லோரும் பின்னால் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு ஸ்டிக்கிக்கு மூன்று இஷ்யூ, ஒரு இஷ்யூவுக்கு மூன்று கார்டு

காரணங்கள் நான்கு, இதே வரிசையில் பாருங்கள்.

லேபிளோடு ஒரு இஷ்யூவைத் திறந்தால் கிட்ஹப் ‘திறந்தது’ என்று ஒரு நிகழ்வும், லேபிள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிகழ்வும் அனுப்பும். இரண்டு லேபிள் என்றால் மூன்று பேலோடு. எல்லாவற்றுக்கும் கார்டு உருவாக்கினால் மூன்று கார்டு வரத்தான் செய்யும். பேலோடில் உள்ள செயல் பெயரைப் பார்த்து, திறந்தபோது மட்டும் உருவாக்குங்கள்; மற்றவற்றில் இருப்பதைத் திருத்துங்கள்.

இரண்டாவது, மறுபடி அனுப்பிய பேலோடு. ஒவ்வொரு அனுப்புதலுக்கும் டெலிவரி ஹெடரில் ஓர் அடையாள எண் உண்டு. மறுபடி அனுப்பினாலும் அதே எண்தான் வரும். பார்த்த எண்களைச் சில நாள் சேமித்து வைத்தால் போதும்.

மூன்றாவது, தலைப்பைத் தேடி ‘ஏற்கெனவே இருக்கிறதா’ என்று பார்ப்பது. கிட்ஹப்பின் தேடல் அட்டவணை புதிய இஷ்யூவை உடனே காட்டாது. இப்போதுதான் திறந்ததை அடுத்த சுற்று தேடினால் ‘இல்லை’ என்று வரும், இன்னொன்று திறக்கும். தலைப்பை ஒருபோதும் அடையாளமாக வைக்காதீர்கள். மைரோ உருப்படி எண், ரெப்போ பெயர், இஷ்யூ எண் மூன்றையும் ஒரு அட்டவணையில் வைத்து, உருப்படி எண் திரும்ப வரக்கூடாது என்று தரவுத்தளத்திலேயே கட்டுப்பாடு போடுங்கள். இரண்டு சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஓடினாலும் இரண்டாவது அங்கேயே நின்றுவிடும்.

நான்காவது நம் எழுத்தைச் சேர்ந்தது. ‘கோளாறு’ என்ற லேபிளை எடுத்துக்கொள்வோம். ‘கோ’வில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு ஒன்று, கால் ஒன்று என்று இரண்டாகவும் எழுதலாம். முதல் வகையில் இந்தச் சொல் 6 குறியீடு, இரண்டாம் வகையில் 7. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கண்ணை எவ்வளவு சுருக்கிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. விசைப்பலகைகள் வேறுபட்டால் இப்படி வரக்கூடும். ஒப்பிடும்போது நிரல் ‘வேறு சொல்’ என்று சொல்லிவிடும். மைரோவிலிருந்து வரும் எல்லா எழுத்தையும் உள்ளே எடுத்தவுடன் என்எஃப்சி (இரண்டாக எழுதியதை ஒரே குறியீடாகச் சேர்க்கும் யுனிகோடு முறை) வடிவுக்கு மாற்றுங்கள். நோடிலும் பைத்தானிலும் இது ஒரே வரி வேலை.

இரண்டு பக்கமும் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கின்றன

இஷ்யூ மாறியது, நிரல் கார்டைத் திருத்தியது. கார்டு மாறியது, நிரல் இஷ்யூவைத் திருத்தியது. இப்படியே விடிய விடிய ஓடும்.

‘நம் நிரல் செய்த மாற்றத்தைப் புறக்கணி’ என்பது சரியான எண்ணம், ஆனால் யார் செய்தது என்று பார்ப்பதில் ஒரு பொறி இருக்கிறது. மைரோ டோக்கன் (நிரலுக்குத் தரும் அனுமதிச் சாவி) அதைக் கொடுத்த ஆளின் பெயரில்தான் வேலை செய்யும். குழுத் தலைவியின் டோக்கனில் ஓட்டினால், நிரல் செய்த மாற்றமும் அவர் கையால் செய்த மாற்றமும் ஒரே பெயரில் பதியும். பெயரை வைத்துப் புறக்கணித்தால் அவர் செய்வது மட்டும் என்றைக்கும் கிட்ஹப்புக்குப் போகாது. கிட்ஹப் பக்கம் தனிநபர் டோக்கனுக்கும் இதே நிலைதான். கிட்ஹப் ஆப்பாகப் பதிவு செய்தால் அனுப்பியவர் பெயர் பாட் (தானியங்கி) என்று தனியாக வரும்.

பெயரை நம்பாமல் உள்ளடக்கத்தை ஒப்பிடுங்கள். தலைப்பு, விவரம், நிலை மூன்றையும் சேர்த்து ஒரு ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறி) எடுத்து அட்டவணையில் வையுங்கள். புதிதாக வந்ததன் ஹேஷ் கடைசியாக நாம் எழுதியதன் ஹேஷே என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். ஹேஷ் எடுக்கும் முன் மைரோ எழுத்தைச் சுத்தம் செய்ய மறக்க வேண்டாம். ஸ்டிக்கியின் உள்ளடக்கம் எச்டிஎம்எல்லாக வரும்; பத்திக் குறிகள் சேர்ந்திருக்கும், ‘&’ போன்ற குறிகள் குறியீட்டு வடிவில் இருக்கும். இஷ்யூ தலைப்பில் பத்திக் குறி அப்படியே தெரிகிறது என்று புகார் வந்தால் அதுவும் இந்தச் சுத்தம் இல்லாததால்தான்.

இதற்கு நேர் எதிரான அறிகுறியும் உண்டு: கிட்ஹப் ஆக்ஷன்ஸ் (கிட்ஹப்பிலேயே வேலைகளைத் தானாக ஓட்டும் வசதி) திறந்த இஷ்யூ, அடுத்த ஒர்க்ஃப்ளோவை (வேலைத் தொடரை) எழுப்பவே இல்லை. ஆக்ஷன்ஸ் தானாகத் தரும் டோக்கனால் நடக்கும் நிகழ்வுகள் புதிய ஓட்டத்தைத் தொடங்காதபடி கிட்ஹப்பே தடுத்து வைத்திருக்கிறது. கையால் ஏவுவதும், ரெப்போ டிஸ்பாட்சும் (வெளி நிரலிலிருந்து ஏவுவது) மட்டும் விலக்கு. அங்கே ஆப் டோக்கனைப் பயன்படுத்துங்கள்.

ஃபிரேமில் 40 ஸ்டிக்கி, வந்தது 10

மைரோ ஒரு அழைப்புக்கு இயல்பாக 10 உருப்படிதான் தரும். அளவைக் கூட்டினாலும் 50க்கு மேல் தராது. பதிலில் வரும் கர்சரை (அடுத்து எங்கிருந்து படிப்பது என்ற குறி) அடுத்த அழைப்பில் கொடுத்து, கர்சர் தீரும்வரை சுற்றுங்கள்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் சில ஸ்டிக்கிகள் விடுபடுகின்றன

ஃபிரேமின் மேல் கிடப்பதும் ஃபிரேமுக்குள் இருப்பதும் வேறு. ஸ்டிக்கியின் மேலேயே ஃபிரேமை வரைந்தாலோ, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தாலோ, பார்வைக்கு உள்ளே தெரிந்தாலும் அதன் தாய் உருப்படி அந்த ஃபிரேமாக இல்லாமல் இருக்கலாம். விடுபட்ட ஒன்றின் விவரத்தை எண் கொடுத்து எடுத்து, தாய் உருப்படி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்டிக்கியை வெளியே இழுத்து மறுபடி உள்ளே விட்டால் சேர்ந்துகொள்ளும்.

நிறத்தை வைத்து வடிகட்டினால் இன்னொரு வம்பு: மஞ்சள், வெளிர் மஞ்சள் இரண்டும் மைரோவுக்கு வெவ்வேறு மதிப்புகள். ‘மஞ்சள்னா கோளாறு’ என்று கூட்டத்தில் சொன்னால் ஆளுக்கொரு மஞ்சளை எடுப்பார்கள். நிறத்தை விட்டுவிட்டு டேக் வையுங்கள்.

கார்டு எங்கோ தூரத்தில் விழுகிறது, அல்லது 400 வருகிறது

ஃபிரேமுக்குள் இருக்கும் உருப்படியின் இடம் ஃபிரேமின் இடது மேல் மூலையிலிருந்து அளக்கப்படும். வெளியே இருப்பதற்குப் போர்டின் மையத்திலிருந்து. வெளியே படித்த எண்களை ஃபிரேம் எண்ணோடு சேர்த்து அனுப்பினால், இடம் ஃபிரேமைத் தாண்டுகிறது என்று மைரோ மறுத்துவிடும். அளப்பது கார்டின் நடுப்புள்ளியை. 320 அகலக் கார்டை இடது விளிம்பில் ஒட்டி வைக்க வேண்டுமானால் கிடைமட்ட எண் குறைந்தது 160.

ஒரு மணி நேரம் ஓடி 401

காலாவதியாகும் டோக்கன் வகையைத் தேர்ந்திருந்தால் மைரோ அணுகல் டோக்கன் 1 மணி நேரமும், அதைப் புதுப்பிக்க உதவும் ரெஃப்ரெஷ் டோக்கன் 60 நாளும் செல்லும். புதுப்பிக்கும்போது ரெஃப்ரெஷ் டோக்கனும் புதிதாக வரும். அதையும் சேமிக்க வேண்டும். அணுகல் டோக்கனை மட்டும் சேமிக்கும் நிரல் முதல் புதுப்பித்தலில் தப்பி, பிறகு விழும். நிரலின் இரண்டு பிரதிகள் ஓடினால் புதுப்பிக்கும் இடத்தில் ஒரு பூட்டு போடுங்கள்.

ரெப்போ கண்ணெதிரே இருக்க, 404

உரிமை இல்லாத பிரைவேட் ரெப்போவுக்கு கிட்ஹப் 403 (அனுமதி இல்லை) சொல்லாது, 404தான் (அப்படி ஒன்று இல்லை) சொல்லும்; இருக்கிறது என்பதையே வெளிக்காட்டாமல் இருக்க அப்படி. டோக்கனில் அந்த ரெப்போ தேர்வாகியிருக்கிறதா, இஷ்யூஸுக்கு எழுதும் உரிமை உண்டா, நிறுவனக் கணக்கின் நிர்வாகி அதற்கு ஒப்புதல் கொடுத்துவிட்டாரா என்று பாருங்கள். 410 வந்தால் அந்த ரெப்போவில் இஷ்யூஸ் வசதியே அணைக்கப்பட்டிருக்கக்கூடும். மைரோ பக்கம், ஆப் ஒரு டீமில் நிறுவப்பட்டு போர்டு வேறு டீமில் இருந்தாலும் படிக்க முடியாது.

இஷ்யூ திறந்தும் லேபிளும் பொறுப்பாளரும் மட்டும் ஒட்டவில்லையா? டோக்கன்காரருக்கு ரெப்போவில் புஷ் உரிமை இல்லை. கிட்ஹப் பிழை சொல்லாமல் அவற்றை விட்டுவிடும்.

நீளமான ஸ்டிக்கி 422 ஆகிறது

இஷ்யூ தலைப்புக்கு 256 எழுத்து எல்லை. முழு உரையையும் விவரப் பகுதியில் போட்டு, தலைப்பை மட்டும் வெட்டுங்கள். வெட்டும்போது குறியீடுகளை எண்ணி வெட்டினால் ‘பணம்’ என்பது ‘பணம’ என்று புள்ளியை இழந்து நிற்கும். ‘கொ’ என்பது வெறும் ‘க’வாக முடிந்துபோகும். எழுத்துக் கொத்தாக (‘ம்’, ‘கொ’ போல முழு எழுத்தாக) பிரிக்கும் வசதி நோடில் உள்ளேயே இருக்கிறது. அதைக் கொண்டு 200 கொத்தில் நிறுத்துங்கள். கொத்து ஒன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட குறியீடு இருக்கும் என்பதால், வெட்டிய பிறகு மொத்தம் 256க்குள் இருக்கிறதா என்றும் பார்த்து, இல்லையென்றால் கடைசிக் கொத்துகளை ஒவ்வொன்றாகக் கழியுங்கள்.

காலை 9.30 கூட்டத்துக்குப் போர்டு புதுப்பித்திருக்கவில்லை

ஆக்ஷன்ஸின் கிரான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் வசதி) இயல்பாக யுடிசி (உலகப் பொது நேரம்) நேரப்படி ஓடும், நாம் 5.30 மணி நேரம் முன்னால். சென்னையின் 9.30 என்பது யுடிசியில் சரியாக 4.00. மணி தொடங்கும் அந்த நிமிடத்தில்தான் உலகத்தின் கிரான் வேலைகள் குவியும், தாமதம் வரும். நமக்கு அரை மணியாகத் தெரிவது அங்கே முழு மணி. 9.13க்கு ஓட ‘43 3 * * 1-5’ என்று கொடுங்கள் (வரிசையாக நிமிடம், மணி, நாள், மாதம், கிழமை; ஞாயிறு 0).

விடியற்காலை வேலைக்குக் கிழமையும் மாறும். திங்கள் காலை 5.00 என்பது யுடிசியில் ஞாயிறு 23.30. ‘30 23 * * 1-5’ என்று எழுதினால் திங்கள் ஓடாது, சனிக்கிழமை தேவையில்லாமல் ஓடும். சரியானது ‘30 23 * * 0-4’. கோப்பு ரெப்போவின் இயல்பான கிளையில் இருக்க வேண்டும். பொது ரெப்போவில் 60 நாள் எந்த நடமாட்டமும் இல்லையென்றால் கிரான் தானாக அணைக்கப்படும். இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி விடும் குழுக்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

ஒரே நேரத்தில் நிறைய நகர்த்தினால் பாதியில் நிற்கிறது

கிட்ஹப்பில் மணிக்கு 5,000 அழைப்பு இருக்கிறதே என்று நினைப்போம். இஷ்யூ, கமென்ட் போல எதையாவது உருவாக்கும் அழைப்புகளுக்குப் பொதுவாக நிமிடத்துக்கு 80, மணிக்கு 500 என்று தனி எல்லை உண்டு. ஒவ்வொன்றாக, இடையில் குறைந்தது 1 விநாடி விட்டு அனுப்புங்கள். எல்லையில் இடித்தால் பதிலில் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்று வரும், அதை மதியுங்கள். மைரோவில் ஒரு பயனருக்கு ஒரு ஆப்பில் நிமிடத்துக்கு 1,00,000 கிரெடிட்; அழைப்பின் வகையைப் பொறுத்து 50, 100, 500, 2,000 என்று கழியும். 20 உருப்படி வரை ஒரே அழைப்பில் உருவாக்கலாம். அதில் ஒன்று தவறினாலும் இருபதும் விழும் என்பதால், விழுந்த தொகுப்பை மட்டும் ஒவ்வொன்றாக அனுப்பித் தவறானதைப் பிடியுங்கள்.

கார்டில் இணைப்பு அறுந்த குறி. டேக் மாறவே இல்லை

ஆப் கார்டின் (நிரல் போர்டில் உருவாக்கும் கார்டு) நிலையை நாம் குறிப்பிடாவிட்டால் ‘இணைக்கப்படவில்லை’ என்றே உருவாகும். உருவாக்கும்போதே ‘இணைக்கப்பட்டது’ என்று அனுப்புங்கள். டேக் மாற்றம் நிரல் வழியாக வரும்போது திறந்திருக்கும் போர்டில் உடனே தெரியாது. பக்கத்தைப் புதுப்பித்தால் தெரியும். கூட்டத்தில் திரையைப் பகிர்பவரிடம் இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரு ஸ்டிக்கிக்கு 8 டேக்தான். அதற்கு மேல் லேபிள் உள்ள இஷ்யூவில் எந்த எட்டு முக்கியம் என்று வரிசை வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் கேட்காத கார்டுகள் முளைக்கின்றன

தினசரிச் சரிபார்ப்பைப் புதிதாகச் சேர்த்தவர்களுக்கு மறுநாளே இது வரும். கிட்ஹப்பின் இஷ்யூ பட்டியலில் புல் ரிக்வெஸ்டுகளும் (நிரல் மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கைகள்) சேர்ந்தே வரும். புல் ரிக்வெஸ்ட் புலம் உள்ள வரிகளைத் தாண்டிப் போகச் சொல்லுங்கள். ஏற்கெனவே முளைத்தவற்றைக் கையால் அழிக்காமல், அட்டவணையில் உள்ள உருப்படி எண்ணை வைத்து நிரலாலேயே அழித்து, அந்த வரியையும் சேர்த்து நீக்குங்கள். இல்லையென்றால் அடுத்த சுற்றில் இல்லாத கார்டைத் திருத்தப்போய் 404 வாங்கிக்கொண்டே இருக்கும்.